பட்டவர்களுக்கு ஒரு நாற்காலி

குரோம்பேட்டைக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் ஜிஎஸ்டி சாலையோரம் இருக்கும் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இரவு நேரத்தில் இப்படி ஒருவர் வருவது வழக்கம். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது, இதோ உயிர் போகப்போகிறது என்கிறார். ஈசிஜி எடுக்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். "ஹார்ட் நல்லா இருக்கு, கேஸ் ட்ரபிள்தான்" என்று ஓர் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். சில நாள் கழித்து அதே ஆள் மறுபடி வருகிறார். எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி என்று பணம் கரைந்த பிறகுதான் யாராவது ஒரு மருத்துவர், "மனசுல ஏதாவது டென்ஷன் இருக்கா?" என்று கேட்கிறார். பதற்றக் கோளாறு உள்ள பலர் மனநல மருத்துவரிடம் போய்ச் சேரும் பாதை இது. மனச்சோர்வு இவ்வளவு சத்தம்கூடப் போடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கை கால் அசதி, அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தோன்றவில்லை என்ற அளவில்தான் வெளியே தெரியும். சத்து மாத்திரை, தைராய்டு டெஸ்ட், கோயிலில் விபூதி, தர்காவில் ஓதுவது, சர்ச்சில் ஜெபம் என்று சுற்றி வருவதற்குள் ஒன்றிரண்டு வருடம் போய்விடும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்தது. ஏறக்குறைய இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வில் விழுந்தவர். மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. கிராமங்களைவிடப் பெருநகரங்களில் நிலைமை மோசம் என்றும் அந்தக் கணக்கெடுப்பு சொன்னது. 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்றப் பதிவுகள் வாரியம். அந்த ஆண்டு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. எல்லாத் தற்கொலைக்கும் காரணம் மனச்சோர்வு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் நிறைய இருக்கிறார்கள்.

யாரிடம் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு அப்பால், இதே நோயில் விழுந்து எழுந்த ஒருவர் இன்று விழுந்து கிடப்பவருக்கு என்ன செய்ய முடியும், செய்ய முடிகிற எதைத் தாம்பரத்திலும் தென்சென்னைப் புறநகரிலும் நாம் இன்னும் செய்யாமல் வைத்திருக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்த 70 வார்டுகள். இந்த ஊர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு தலைமுறைக்குள் வந்து குடியேறியவர்கள். சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிஃப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் வெளிமாவட்டப் பெண்கள். ஓஎம்ஆரில் கணினி வேலையும் வீட்டுக்கடன் தவணையுமாக ஓடும் முப்பது வயதுக்காரர்கள். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முதல் மாடி வரை தண்ணீரைப் பார்த்த குடும்பங்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே ஆவணங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் பழக்கம் அந்தத் தெருக்களில் இன்றும் இருக்கிறது.

கொஞ்சம் கிழக்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுத்துவரப்பட்டவர்களுக்கான குடியிருப்புகள். பெரும்பாக்கத்தில் மட்டும் எட்டடுக்குக் கட்டடங்களில் வீடுகள் இருபதாயிரத்தைத் தாண்டும். பழைய இடத்தில் ஒரு பெண்ணுக்கு மனசு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டக்கா குழந்தையை வாங்கிக்கொள்வார், ஒரு வேளை சோறு வந்துவிடும். எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கட்டடம் என்று ஒதுக்கியபோது அந்த அக்கம்பக்கம் சிதறியது. வேலைக்குப் போகும் தூரம் கூடியது, கையில் நிற்கும் கூலி குறைந்தது. மனச்சோர்வுக்கு உடலில் காரணம் உண்டு, பரம்பரையில் காரணம் உண்டு. அடிக்கடி மறக்கப்படும் காரணம், ஆள் துணை அறுந்துபோவது. பெயர் வைக்காமல், அமைப்பு இல்லாமல், பட்டவர் பட்டவருக்குக் கைகொடுத்த ஒரு பழைய ஏற்பாட்டை நாமே கலைத்தோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் புதியதைப் பற்றிப் பேச வேண்டும்.

இருக்கும் துணைகள் எவை? சென்னைக்கு இதில் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையை நெடுங்காலம் நடத்திய டாக்டர் எம். சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தச் சூழலிலிருந்து 1989இல் பிறந்தது ஆஷா. தீவிர மனநோய் உள்ளவர்களின் அப்பா அம்மாக்களும் உடன்பிறந்தவர்களும் தங்களுக்குள் சேர்ந்து அமைத்தது. "எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வது" என்று கேட்கும் தாய்க்கு, அதே கேள்வியோடு இருக்கும் இன்னொரு தாயே ஆறுதல் என்பதை நாட்டில் முன்கூட்டியே உணர்ந்த குடும்பங்களில் இவர்களும் சேர்வார்கள்.

1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவில் தொலைபேசியை எடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்வதில்லை, குறுக்கே பேசுவதில்லை, சொன்னது வெளியே போவதில்லை. கேட்பது என்ற ஒன்றை மட்டும் முழுக் கவனத்தோடு செய்கிறார்கள். இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில் அதே மருத்துவர் குழு, முகாம்வாசிகளிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தவறாமல் சந்திக்கவும் அவர்களோடு சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதவும் பழக்கியது. தற்கொலை முயற்சிகள் குறைந்ததை அந்த ஆய்வு பதிவு செய்தது. வந்து கேட்டவர் அதே தகர வீட்டு வரிசையில் வாழ்பவர் என்பது அங்கே பெரிய பலமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

புறநகருக்கு இன்னும் நெருக்கமானது கோவளம். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன், தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்கான இல்லமாக ஆரம்பித்து, பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தில் சமூக மனநலப் பணிக்கு வந்தது. 'நலம்' என்ற அவர்களுடைய திட்டத்தில் உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்பதோடு ரேஷன் வந்ததா, உதவித்தொகை வந்ததா, மகன் பள்ளிக்குப் போகிறானா என்பதையும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் பான்யனில் சிகிச்சை பெற்றவர்கள் சிலர் இன்று அங்கேயே ஊழியர்கள். நான் இந்தப் பகுதியில் அறிந்தவற்றில், பட்டவர் என்ற தகுதியோடு ஒருவர் மனநலப் பணியில் நிற்கும் தெளிவான எடுத்துக்காட்டு அதுதான். ஆனால் பான்யனின் கவனம் தீவிர மனநோயும் வீடின்மையும். ஆஷா, ஸ்கார்ஃப் இரண்டின் பெரும்பகுதிப் பணியும் மனச்சிதைவைச் சுற்றியது.

அரசு தரப்பில் 2022 அக்டோபரில் 14416 என்ற எண் வந்தது. மத்திய அரசின் டெலி-மானஸ், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவையாக, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுகிறது. மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. இவை எல்லாம் தேவையானவை.

இப்போது இந்த வரிசையைத் திரும்பப் பாருங்கள். மருத்துவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தினருக்கு அமைப்பு இருக்கிறது. அன்போடு கேட்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பதற்றமும் மனச்சோர்வும் வந்து மீண்டவர், அந்த அனுபவத்தையே தகுதியாகக் காட்டி உட்காரும் இடம், நான் அறிந்தவரை, தாம்பரத்தின் எந்த அரசு மருத்துவமனையிலும் எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இல்லை. எண்ணிக்கையில் மிகப் பெரிய நோய்க்கு இந்த நிலை.

அப்படி ஒருவர் என்ன தருவார் என்று நியாயமாகக் கேட்கலாம். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும். குமட்டல், வாய் உலர்தல், சிலருக்குப் படபடப்பு முன்பைவிடக் கூடுவது. "இது எனக்கு ஒத்துக்கல" என்று பலர் நிறுத்திவிடுவது அந்த முதல் பத்து நாளில்தான். புறநோயாளிகள் கூட்டத்தில் ஒரு மருத்துவருக்கு ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பாருங்க, டாக்டரைக் கேக்காம மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சொல்ல இன்னொருவர் இருந்தால் அந்தப் பத்து நாள் தாண்டிவிடும். காலையில் எழுந்து பல் துலக்குவதே மலையாகத் தெரியும் நாட்களை எப்படிக் கடந்தீர்கள், மாமியாரிடம் என்ன சொன்னீர்கள், அலுவலகத்தில் லீவு கேட்கும்போது என்ன எழுதினீர்கள் என்பதற்கெல்லாம் மருத்துவப் புத்தகத்தில் பதில் கிடையாது.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் ஒருமுறை பீதித் தாக்கம் வந்தவர்கள் அதன் பிறகு ரயில் ஏற மறுப்பது சாதாரணம். வாசலோரம் நிற்பார்கள், ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிவிடலாமா என்று பார்ப்பார்கள், கடைசியில் வேலையையே விட்டுவிடுவார்கள். இதற்கு உளவியலில் நிரூபணமான வழி, பயப்படும் இடத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது. பயம் உச்சத்துக்குப் போய்ப் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே இறங்கும் என்பதை உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் சிகிச்சையாளர் அறைக்குள் விளக்கலாம், கூடவே ரயிலில் வர அவரால் முடியாது. மீண்டவர் வருவார். முதல் நாள் சானடோரியம் வரை ஒரே ஒரு நிலையம். அடுத்த வாரம் குரோம்பேட்டை. பிறகு பல்லாவரம். கிண்டி வரை போய்ச் சேர இரண்டு மாதம் ஆனாலும் ஒரு வேலை மிஞ்சியிருக்கும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்குச் சக நோயாளர் துணை பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2011இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பகுப்பாய்வு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இத்துணையும் பெற்றவர்களிடம் அறிகுறிகள் அதிகமாகக் குறைந்ததாகவும், குழுவாகத் தரப்படும் உளவியல் சிகிச்சைக்கு இது பின்தங்கவில்லை என்றும் கண்டது. அதில் சேர்ந்த சோதனைகள் எண்ணிக்கையில் சில, அளவிலும் சிறியவை. 2018இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், நெருக்கடிச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு மீண்ட ஒருவரின் துணை தந்தபோது, ஓராண்டுக்குள் மறுபடி அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் 29 சதவீதம். கையேடு மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம்.

இந்தியாவில் அதிகம் பேசப்படும் ஆய்வுகள் சற்று வேறானவை. கோவாவின் சங்காத் அமைப்பு, மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நோயாளியைச் சின்னச் சின்னச் செயல்களுக்குத் திருப்பும் முறையைச் சோதித்தது. 2017இல் வெளியான முடிவில் மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ஏற்பாட்டில் சுகாதார நிலையத்து மரத்தடி பெஞ்சில் பாட்டிமார் உட்கார்ந்து கேட்கிறார்கள். 2016இல் வந்த சோதனை முடிவில், ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறியோடு இருந்தவர்கள் அவர்களிடம் வந்தவர்களில் சுமார் 14 சதவீதம், வராதவர்களில் 50 சதவீதம். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஆத்மீயதா திட்டம் கிராமத்துத் தன்னார்வலர்களை வைத்து இதையொத்த பணியைச் செய்கிறது. இவர்கள் எல்லாரும் மக்களில் ஒருவர்தான். ஆனால் அந்த நோயில் பட்டவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பட்டவர்களையே நியமித்த இந்திய முயற்சி என்றால், 2014 முதல் குஜராத்தின் ஆறு அரசு மனநல மையங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டி ரைட்ஸ் என்ற மனநல உரிமைத் திட்டக் கருவிகளோடு நடந்ததைச் சொல்ல வேண்டும். எளிய மனிதர் உதவுவதற்கு நம் நாட்டில் வலுவான ஆதாரம் இருக்கிறது. மீண்டவர் உதவுவதற்கு வெளிநாட்டு ஆதாரம் கூடுதலாகவும் நம்முடையது குறைவாகவும் இருக்கிறது. குறைவுக்குக் காரணம் நாம் முயன்று தோற்றதல்ல, முயன்ற இடங்களே மிகக் குறைவு.

இங்கேதான் தாம்பரத்துக்குச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த சானடோரியம், 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1937இல் அரசிடம் வந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். சில ஆண்டுகளில் நோயாளிகள் பெருகினர். பல மருத்துவமனைகள் அவர்களைத் தொடவே மறுத்தன. 1993இல் தாம்பரம் அவர்களை உள்ளே எடுத்தது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்து, நாட்டிலேயே அதிக எச்ஐவி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்றாக அது ஆனது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று.

அந்த நெருக்கடியில் நோயாளிகள் சும்மா படுத்திருக்கவில்லை. எச்ஐவியுடன் வாழ்பவர்களின் தேசிய அமைப்பு 1997இல் சென்னையில் பிறந்தது. மறு ஆண்டு கௌசல்யா பெரியசாமியும் தோழியரும் எச்ஐவியுடன் வாழும் பெண்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். ரிசல்ட்டைக் கையில் வாங்கிய மறுநிமிடம் என்ன செய்வது, மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது, குழந்தைக்கு எப்போது சொல்வது என்பதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். அரசு இதைப் பார்த்துத் தன் அமைப்புக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிகளில், எச்ஐவி கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையங்களில் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று சம்பளத்தோடு ஒரு பதவி உண்டு. எச்ஐவியுடன் வாழ்பவருக்கே அதில் முன்னுரிமை. காசநோயிலும் இதே வழி வந்தது. சென்னையைச் சேர்ந்த ரீச் நிறுவனம் காசநோயிலிருந்து மீண்டவர்களைப் பழக்கி, புதிதாக நோய் கண்டவர்களுக்குத் துணையாக அனுப்புகிறது.

ஆக, இந்த மருத்துவமனையின் பெயரோடு ஒட்டிய இரண்டு பெரிய நோய்களிலும் பட்டவர் பக்கத்தில் உட்காரும் ஏற்பாடு அமைந்துவிட்டது. இரண்டுமே ஊர் ஒதுக்கிவைத்த நோய்கள். எனவே வெட்கமும் ரகசியமும்தான் மனச்சோர்வில் இதைத் தடுக்கிறது என்று முடித்துவிட முடியாது. வேறு காரணங்கள் உண்டு. மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை இல்லை, அதனால் "எனக்கு இது இருக்கிறது" என்று உறுதியாகச் சொல்லிச் சேர்வது கடினம். மீண்டவர் மீண்டதும் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டிலோ பிரமோஷனுக்குக் காத்திருக்கும் ஆளிடமோ பழைய கதையை ஞாபகப்படுத்த யாருக்கும் மனம் வராது. எல்லாவற்றையும்விட, கூடிச் செயல்படத் தேவையான தெம்பையும் நம்பிக்கையையும்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. எச்ஐவியில் உடம்பு தளர்ந்தாலும் கோபம் மிஞ்சியிருந்தது, அந்தக் கோபம் அமைப்பாக மாறியது. மனச்சோர்வு உள்ளவர் கோபத்தைத் தன்மேலேயே திருப்பிக்கொள்கிறார். அதனால் இங்கே அமைப்பு தானாக முளைக்கும் என்று காத்திருப்பது சரியாகாது. இடமும் சிறு ஊதியமும் மேற்பார்வையும் முதலில் வர வேண்டும்.

மேற்பார்வை என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். நல்லெண்ணம் மட்டும் வைத்து நடத்தும் குழுக்களால் கெடுதலும் வரும். உட்கார்ந்து உட்கார்ந்து ஒரே துக்கத்தையே கிளறுவது நெருக்கத்தைக் கூட்டும், சோர்வையும் கூட்டும். பதின்வயதினரிடம் இதை உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வின் முகத்தோடு வரும். இருதுருவக் கோளாறு உள்ளவர் சோர்வுக் கட்டத்தில் இருந்தால் குழுவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. "நான் யோகா பண்ணி மாத்திரையை விட்டேன், நீங்களும் விட்டுடுங்க" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து. பிரசவமான சில வாரங்களில் குழப்பமாகப் பேசும் தாயைக் குழுவுக்கு அழைக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அடுத்து யாருக்குப் போன் செய்வது, யார் கூட இருப்பது என்பது முன்பே எழுதிவைத்திருக்கப்பட வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்த காலம் போய்விட்டது என்பது துணை நிற்பவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துணை நிற்பவரும் ஒருநாள் மறுபடி சோர்வார். அன்று அவர் வேலையிலிருந்து ஒதுங்கவும் பிறகு திரும்பி வரவும் வழி இருக்க வேண்டும்.

எங்கே, எப்படி நடத்துவது? மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரந்தவை, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பழகியவை. அவற்றிலேயே நடத்திவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். நான் தயங்குகிறேன். குழுக்கடனில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பலருடைய படபடப்புக்குக் காரணமே அந்தத் தவணைதான். கடன் கேட்கும் வாயும் துக்கம் கேட்கும் காதும் ஒரே ஆளுடையதாக இருந்தால் யாரும் மனதைத் திறக்க மாட்டார்கள். குழுக்களில் பழகிய பெண்களைத் தேர்ந்து வேறொரு வட்டம் அமைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் வாசல்வரை வருகிறார்கள். "தூக்கம் எப்படிம்மா இருக்கு, முன்ன மாதிரி எதுலயாவது ஆசை இருக்கா" என்ற இரண்டு கேள்வியை அவர்கள் கேட்டாலே, ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்தவர்கள் தெரியவருவார்கள். கேட்டுவிட்டு அனுப்ப ஓர் இடம் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ரகசியத்துக்கு மின்சார ரயிலே நல்ல ஏற்பாடு. கூடுவாஞ்சேரிக்காரர் தன் தெருவில் நடக்கும் கூட்டத்துக்கு வர மாட்டார், தாம்பரத்துக்கு வருவார். தாம்பரத்துக்காரர் பல்லாவரம் போவார். பெண்களுக்குக் காலை பதினொன்று முதல் ஒன்று வரை, வீடு காலியாக இருக்கும் நேரம். ஷிஃப்ட் தொழிலாளர்களுக்கு ஞாயிறு. பெரும்பாக்கத்துக்கு மட்டும் வெளியே வரச் சொல்லக் கூடாது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இழப்பு என்பதால் குழுதான் அங்கே போக வேண்டும்.

ஆண்கள் விஷயம் தனி. வட்டமாக நாற்காலி போட்டு "உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்றால் நம் ஊர் ஆண்களில் பெரும்பாலானோர் அடுத்த வாரம் வர மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற ஆண்களுக்குப் பட்டறைக் கொட்டகைகள் அமைத்து, மரவேலைக்கு நடுவே பேச்சு தானாக வரும்படி செய்தார்கள். சிட்லபாக்கம் ஏரியைக் காக்க அந்த ஊர்வாசிகள் கூடி உழைத்த மாதிரியான வேலைகள் இங்கேயும் உண்டு. கையில் ஒரு வேலை இருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மனிதர் பேசிவிடுகிறார். குடியிலிருந்து மீண்டவர்களின் ஏஏ கூட்டங்கள் சென்னையிலும் புறநகரிலும் பல ஆண்டுகளாகத் தமிழில் நடக்கின்றன. தமிழ் ஆண் தன் தோல்வியை வாய்விட்டுச் சொல்ல மாட்டான் என்ற எண்ணத்துக்கு அந்தக் கூட்டங்களே மறுப்பு. குடிக்குப் பின்னால் மனச்சோர்வும் பதற்றமும் ஒளிந்திருக்கும் பலர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் முறையிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. பெயரில் பாதி போதும், சொன்னது அறையோடு நிற்கும், மற்றவர் கதைக்கு மறுமொழி சொல்லாமல் தன் கதையை மட்டும் சொல்வது, கட்டணம் கிடையாது.

பணம் பெரிதாக வேண்டாம். ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு அரைநாள் ஓர் அறை. மீண்டு குறைந்தது ஓராண்டு ஆன இருவர். ஒருவர் பேச, ஒருவர் கவனிக்க. அவர்களுக்கு மதிப்பூதியம், தொடக்கத்தில் சில வாரப் பயிற்சி. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரோ சமூகப் பணியாளரோ மாதம் இருமுறை அவர்களோடு உட்கார்ந்து நடந்ததைப் பேச வேண்டும். எட்டுப் பத்துப் பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்க்கக் கூடாது. யார் வந்தார்கள் என்ற பட்டியல் மருத்துவமனைக் கணினியில் ஏறக் கூடாது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஐ.நா. உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு சக மனிதர் துணையைப் பெயர் சொல்லியே கேட்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயை மாற்றுத்திறன் பட்டியலில் வைத்திருக்கிறது. எனவே சட்ட அடிப்படை தேட வேண்டியதில்லை.

மூன்று வருட நன்கொடையில் தொடங்கி நான்காம் வருடம் கதவடைப்பது மட்டும் நடக்கக் கூடாது. ஒருமுறை நம்பி வந்து, அடுத்த வாரம் பூட்டிய அறையைப் பார்த்தவர் மறுபடி எங்கும் போகமாட்டார். ஏஆர்டி மையத்துப் பதவி பட்ஜெட்டில் ஒரு வரியாக இருப்பதால்தான் நன்கொடையாளர்கள் போன பிறகும் அது நிலைத்தது. தாம்பரம் மாநகராட்சியும் மாவட்ட மனநலத் திட்டமும் 70 வார்டுகளுக்குச் சேர்த்து முதல் ஆண்டு நான்கு பேரை இப்படி நியமித்தால் போதும். பல்லாவரத்தில் இருவர், தாம்பரத்தில் இருவர். பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால் அதற்கு மாவட்டம் தனியாக இருவரைத் தர வேண்டும். அதுவரை உடனடி உதவி வேண்டுபவர்களுக்கு 14416 இருக்கிறது, ஸ்நேகாவின் 044-24640050 இருக்கிறது.